யாழ்ப்பாணத்து மேடைகளுக்கு எத்தனை பேஸ் கிற்றார் வேண்டும்? முழுமையான வழிகாட்டி

மாதத்தில் இரண்டு தடவைக்கு மேல் காசுக்கு மேடையேறுபவருக்கு இரண்டு பேஸ் கிற்றார் வேண்டும். மூன்றாவதை, அதற்கென்று ஒரு வேலை வந்த பிறகு வாங்கலாம். ஞாயிறு ஆராதனைக்கு மட்டும் வாசிப்பவருக்கு ஒரு கிற்றாரும் ஒரு சிறிய பெட்டி நிறைய உதிரிச் சாமானும் தாராளமாகப் போதும். இது பொதுக் கணக்கு. உங்களுக்கு இது எவ்வளவு பொருந்தும் என்பதை உங்கள் நிகழ்ச்சிப் பட்டியலை வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

கொப்பியில் கடந்த 12 மாதம்

ஒரு கொப்பியை எடுத்து, கடந்த 12 மாதத்தில் வாசித்த நிகழ்ச்சிகளை வரிவரியாக எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் நான்கு விபரம் வேண்டும்: பாடகர்கள் எந்தக் கட்டையில் பாடினார்கள், சவுண்ட்காரர் என்ன ஸ்பீக்கர் பெட்டி கொண்டுவந்தார், கிற்றாரை எதில் கொண்டுபோனீர்கள், அன்றிரவு ஏதாவது நடந்திருந்தால் வேறொருவரிடம் பேஸ் கடன் கேட்டிருக்க முடியுமா.

கடைசி விபரத்தைப் பலரும் எழுதுவதில்லை. ஆனால் எண்ணிக்கையைத் தீர்மானிப்பது பெரும்பாலும் அதுதான். யாழ்ப்பாணத்தில் பேஸ் வாசிப்பவர்கள் ஒருவரையொருவர் நன்றாக அறிவார்கள். சாதாரண ஒரு வெள்ளிக்கிழமையில் ஒரு போன் போட்டால் அரை மணித்தியாலத்தில் கிற்றார் வந்துவிடும். சிவராத்திரி இரவில் வராது. சித்திரா பௌர்ணமி, டிசம்பர் 31, கோடைத் திருவிழாக் காலத்து விசேட நாட்கள் எல்லாம் அப்படித்தான். வலிகாமத்தில் ஒரு மேடை, வடமராட்சியில் ஒரு மேடை, தீவகத்தில் ஒரு மேடை என்று எல்லாக் குழுவும் ஒரே இரவில் வெளியே நிற்கும். உங்கள் வருமானத்தில் பாதிக்கு மேல் இப்படிப்பட்ட இரவுகளில் வருகிறது என்றால், கடன் வாங்கிச் சமாளிக்கலாம் என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள். நெடுந்தீவு நிகழ்ச்சி என்றால் குறிகட்டுவானில் படகேறிய பிறகு உங்கள் பையில் இருப்பதுதான் எல்லாம்.

அடுத்தது கட்டை. 1 கட்டை சி, 2 கட்டை டி, 3 கட்டை ஈ, 4 கட்டை எஃப், 5 கட்டை ஜி, 6 கட்டை ஏ. நாலு ஸ்ரிங் பேஸில் ஆக அடியில் கிடைப்பது ஈ, அதாவது 41.2 ஹேர்ட்ஸ். ஆண் பாடகர் 1 முதல் 2½ கட்டைக்குள் பாடும்போது அடி ஷட்ஜம் அந்தக் கிற்றாரில் இல்லை. ஏ ஸ்ரிங்கில் மூன்றாம் பிரெற்றிலிருந்து (பிரெற் என்பது கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கம்பி) ஆறாம் பிரெற் வரைதான் போய் நிற்க வேண்டும். பாட்டு கெடாது, ஆனால் அடி மெலிந்துவிடும். ஐந்து ஸ்ரிங் பேஸில் அதே சி அடி பி ஸ்ரிங்கின் முதல் பிரெற்றில் 32.7 ஹேர்ட்ஸிலும், டி மூன்றாம் பிரெற்றில் 36.7 ஹேர்ட்ஸிலும் கிடைக்கும். மேடையில் வைத்தே "அரைக் கட்டை இறக்குங்கோ" என்று கேட்கும் பாடகர்களோடு வாசிப்பவர்களுக்கு இந்த வசதி பெரியது. திறந்த ஸ்ரிங்கை நம்பாமல் கை அமைப்பை அப்படியே ஒரு பிரெற் கீழே நகர்த்திவிடலாம்.

கொப்பியில் 1, 1½, 2 கட்டைப் பாடல்கள் மூன்றில் ஒன்றுக்கு மேல் வந்தால் உங்கள் முதன்மைக் கிற்றார் ஐந்து ஸ்ரிங்காக இருக்கட்டும். அதற்குக் குறைந்தால் நாலு ஸ்ரிங்கே நல்லது. கழுத்து ஒடுக்கம், கைக்குக் களைப்பு குறைவு, ஸ்ரிங் செற்றும் எளிதில் கிடைக்கும். பெட்டி விபரத்தை எழுதச் சொன்னதும் இதற்காகத்தான். 18 அங்குல சப் வரும் திறந்தவெளி மேடையில் அடி பி உடம்பிலேயே தெரியும். 12 அங்குலப் பெட்டி இரண்டு மட்டும் நிற்கும் சிறிய மண்டபத்தில் 31 ஹேர்ட்ஸ் வெளியே வராது, அதன் இரட்டிப்பான 62 ஹேர்ட்ஸ்தான் காதில் விழும். வருடம் முழுக்கச் சிறிய மண்டபங்களிலேயே வாசிப்பவருக்கு ஐந்தாவது ஸ்ரிங்கால் கிடைக்கும் லாபம் குறைவு.

மேடையில் எது உடைகிறது, எவ்வளவு நேரத்தில் திருத்தலாம்

இரண்டாவது கிற்றார் வாங்கமுன் இதைப் பிரித்துப் பாருங்கள். ஒரு பழுதை ஒரு பாட்டு முடிவதற்குள் திருத்த முடியுமா, முடியாதா என்பதுதான் கேள்வி.

திருத்தக்கூடியவை: 9 வோல்ற் பற்றரி இறங்குவது, கேபிள் போவது, ஸ்ட்ராப் கழர்வது, ஜாக்கின் நட்டு இளகுவது. ஸ்ரிங் அறுவது பேஸில் அபூர்வம். அறுந்தாலும் உதிரி ஸ்ரிங்கும் வெட்டும் குறடும் கையில் இருந்தால் ஐந்தாறு நிமிட வேலை. ஆனால் புது ஸ்ரிங் இழுபட்டு இழுபட்டுச் சுருதி இறங்கிக்கொண்டிருக்கும். மாற்றியவுடன் பன்னிரண்டாம் பிரெற்றுக்குப் பக்கத்தில் விரலால் பிடித்து நாலைந்து தடவை மேலே இழுத்துவிட்டு மீண்டும் சுருதி சேர்த்தால் ஓரளவு நிற்கும்.

திருத்த முடியாதவை: ஜாக்கின் உள்ளே வயர் அறுவது, பிரிஅம்ப் (கிற்றாருக்குள் பற்றரியில் இயங்கி ஒலியைப் பலப்படுத்தும் பகுதி) செத்துப்போவது, ரியூனிங் திருகின் பல் வழுக்குவது, கிற்றார் விழுந்து தலைப்பகுதி வெடிப்பது, மழை நனைந்து மின்பகுதிக்குள் தண்ணீர் போவது. இவற்றுக்குத்தான் இரண்டாவது கிற்றார்.

இதில் அடிக்கடி நடப்பதும் எளிதில் தடுக்கக்கூடியதும் ஜாக் பழுது. நட்டு இளகியிருப்பதைக் கவனிக்காமல் கேபிளைச் செருகிச் செருகி எடுக்கும்போது ஜாக் முழுவதும் உள்ளே சுழல்கிறது. அதோடு ஒட்டியிருக்கும் வயரும் முறுகுகிறது. சில மாதத்தில் சொல்டர் போட்ட இடத்திலேயே அறும். முதல் அறிகுறி, கேபிளை அசைத்தால் கரகரப்பது. அப்போதே தட்டைக் கழற்றி, ஜாக்கை உள்ளிருந்து விரலால் பிடித்துக்கொண்டு நட்டை இறுக்குங்கள். வெளியிலிருந்து மட்டும் இறுக்கினால் இறுக்கும் செயலே வயரை முறுக்கிவிடும். அளவு கிற்றாருக்குக் கிற்றார் மாறும், பல ஜாக்குகளுக்கு அரை அங்குலச் சாவி பொருந்தும்.

ஆகவே காசைச் செலவழிக்கும் ஒழுங்கு இது. முதலில் உதிரிப் பெட்டி: இரண்டு கேபிள், ஒரு செற் ஸ்ரிங், இரண்டு அல்கலைன் 9 வோல்ற் பற்றரி, குறடு, நட் சாவி, அலன் சாவிகள், சிறிய ஸ்க்ரூ ட்ரைவர், கிளிப் ரியூனர். பிறகு சொந்த டிஐ பொக்ஸ், அதாவது கிற்றாரை நேரே மிக்சரோடு இணைக்கும் சிறு பெட்டி. அதன்பிறகுதான் இரண்டாவது கிற்றார். உதிரிப் பெட்டி இல்லாமல் இரண்டு கிற்றார் வைத்திருப்பவரைவிட, பெட்டியோடு ஒரு கிற்றார் வைத்திருப்பவர்தான் மேடையில் பாதுகாப்பானவர்.

இரண்டாவது கிற்றார்: முதலாவதைப் போலவே இருக்கட்டும்

பலரும் பிழைவிடும் இடம் இது. முதலாவது ஐந்து ஸ்ரிங் அக்டிவ் (பற்றரியும் பிரிஅம்பும் உள்ளது) என்றால், "வேற சவுண்ட் ஒண்டு இருக்கட்டும்" என்று இரண்டாவதாக ஒரு நாலு ஸ்ரிங் வாங்குகிறார்கள். பாட்டின் நடுவில் மாற்ற நேரும்போது கை பழைய இடத்துக்கே போகும். ஐந்து ஸ்ரிங்கில் ஆகத் தடித்த ஸ்ரிங் பி, நாலு ஸ்ரிங்கில் அது ஈ. எட்டாம் பிரெற்றில் ஜி என்று நினைத்துத் தொட்டால் சி ஒலிக்கும். 5 கட்டைப் பாட்டில் ஒரு வரி முழுவதும் மத்திமம் அடியில் விழுந்தால் பாடகர் திரும்பிப் பார்ப்பார்.

மாற்றுக் கிற்றாரில் மாறக்கூடாதவை, முக்கியத்துவ ஒழுங்கில்: ஸ்ரிங் எண்ணிக்கை, ஸ்கேல் நீளம் (பெரும்பாலானவை 34 அங்குலம், சில ஐந்து ஸ்ரிங் 35, ஷோர்ட் ஸ்கேல் 30), பிரிட்ஜில் ஸ்ரிங் இடைவெளி (நாலு ஸ்ரிங்கில் வழமை 19 மில்லிமீற்றர், ஐந்து ஸ்ரிங்கில் 16.5 முதல் 19 வரை), ஸ்ரிங்கின் தடிப்பும் வகையும். நிறம், மரம், பிக்கப் (ஸ்ரிங்கின் அதிர்வை மின்சாரமாக்கும் பகுதி) எதுவாகவும் இருக்கலாம். ஸ்கேலை அளக்க, நட்டின் (ஜாக்கின் நட்டு அல்ல, தலைப்பக்கம் ஸ்ரிங்கைத் தாங்கும் துண்டு) உள்விளிம்பிலிருந்து பன்னிரண்டாம் பிரெற்றின் நடு வரை அளந்து இரண்டால் பெருக்குங்கள்.

முதலாவது அக்டிவ் என்றால் இரண்டாவது பாசிவ் ஆக இருப்பது நல்லது. பற்றரி, பிரிஅம்ப் என்ற இரண்டு பழுதும் அதில் கிடையாது. நாலு ஸ்ரிங் என்றால் யமஹா டிஆர்பிஎக்ஸ் 174 போன்ற சாதாரண விலைப் பாசிவ் கிற்றாரே இந்த வேலைக்குப் போதும். கழுத்து நேராக, திருகு வழுக்காமல், சுருதி நிற்கிறதா என்பதுதான் முக்கியம். மாற்றுக் கிற்றாருக்குப் பெரிய காசு போடுவதைவிட அதைச் சரியாகச் செற்றப் பண்ணுவதற்குச் செலவழியுங்கள்.

ஐந்து ஸ்ரிங் இரண்டு வாங்க வசதியில்லையா? பழைய நாலு ஸ்ரிங் ஒன்றைப் பி, ஈ, ஏ, டி என்று சுருதி சேர்த்து மாற்றாக வைக்கலாம். ஐந்து ஸ்ரிங் செற் ஒன்றை வாங்கி மெல்லிய ஜி ஸ்ரிங்கை ஒதுக்கிவிட்டு மற்ற நாலையும் போட வேண்டும். 0.130 அங்குலத் தடிப்புள்ள பி ஸ்ரிங் பழைய ஈ ஸ்ரிங்கின் பள்ளத்தில் இறங்காது. நட்டின் பள்ளங்களை மெல்லிய அரத்தால் அகலப்படுத்த வேண்டும். ஆழப்படுத்தினால் திறந்த ஸ்ரிங் முதல் பிரெற்றில் மோதி உறுமும், பிறகு நட்டையே மாற்ற நேரும். அனுபவமில்லாவிட்டால் தெரிந்தவரிடம் கொடுங்கள். இழப்பது மேல் ஜி ஸ்ரிங் மட்டும், அடியில் கை பழகிய இடமெல்லாம் அப்படியே இருக்கும்.

பாவித்த கிற்றார் வாங்கும்போது மூன்றைப் பாருங்கள். உடல் பக்கத்திலிருந்து கழுத்து வழியே ஒற்றைக் கண்ணால் பார்த்தால் முறுக்கு தெரியும், முறுகியதை வாங்க வேண்டாம். ட்ரஸ் ரொட் (கழுத்தின் வளைவைச் சரிசெய்யும் உள்கம்பி) இரு பக்கமும் கால் சுற்றுத் திரும்புகிறதா என்று விற்பவரையே திருப்பிக் காட்டச் சொல்லுங்கள். ஒவ்வொரு ஸ்ரிங்கையும் ஒவ்வொரு பிரெற்றிலும் மெதுவாகத் தட்டிக் கேளுங்கள், முதல் ஐந்து பிரெற்றுக்குள் பள்ளம் விழுந்திருந்தால் பிரெற் வேலைக்கும் காசு ஒதுக்க வேண்டிவரும். ஹெட்லெஸ் (தலைப்பகுதி இல்லாத) கிற்றார் பைக்கில் கொண்டுபோக வசதிதான். ஆனால் அவற்றில் பலவற்றுக்கு இரு முனையிலும் குமிழ் உள்ள ஸ்ரிங் வேண்டும். கொழும்பிலிருந்து வரவழைக்க ஒழுங்கு இருந்தால் மட்டும் வாங்குங்கள்.

மூன்றாவது எப்போது?

கொப்பியைத் திரும்பப் பாருங்கள். உங்களிடம் உள்ள இரண்டாலும் செய்ய முடியாமல் விட்ட அல்லது அரைகுறையாகச் செய்த வேலை எத்தனை? வருடத்தில் ஐந்தாறு தடவை ஒரே காரணம் திரும்பத் திரும்ப வந்தால் மூன்றாவது நியாயம்.

யாழ்ப்பாணத்தில் அப்படி வரக்கூடிய காரணங்கள் சிலதான். பழைய பாடல்களுக்கென்றே நிகழ்ச்சி நடத்தும் குழுவோடு தொடர்ந்து வாசித்தால், பிளாற்வவுண்ட் (மேற்பரப்பு வழுவழுப்பான) ஸ்ரிங் போட்ட ஒரு ஃபெண்டர் பிரிசிஷன் வகைப் பேஸ் வேண்டும். அந்த மந்தமான, உருண்டையான அடியை வழமையான ரவுண்ட்வவுண்ட் ஸ்ரிங்கில் ரோன் நொப்பைக் குறைத்து முழுமையாக எடுக்க முடியாது. இளையராஜாவின் பாடல்களை அதிகம் வாசிப்பவர்களுக்கு எதிர்த் தேவை. அங்கே பேஸ் தனி மெலடியாக ஓடும், நடு அலைவரிசை தெளிவாக வேண்டும், ஃபெண்டர் ஜாஸ் பேஸ் வகை பொருந்தும். ஸ்ருடியோ வேலை மாதாமாதம் வந்தால் மூன்றாவதை ஸ்ருடியோவுக்கென்றே வைத்து, திருவிழாத் தூசியிலிருந்து தள்ளி வைக்கலாம். பிரெற்லெஸ் ஒன்றுக்கு ஆசைப்படாதவர் குறைவு. அது வீட்டில் பயிற்சிக்கு அருமையான கருவி. மொனிற்றர் சரியாகக் கேட்காத மேடையில் சுருதி விலகிவிடும் என்பதால் மேடைக் கணக்கில் அதைச் சேர்க்க வேண்டாம்.

ஜாஸ் வகை எடுப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. அதிலுள்ள இரண்டு பிக்கப்பும் தனிச்சுருள். ஒன்றை மட்டும் திறந்தால் சோடனை விளக்குகள், எல்ஈடி திரை, ஜெனரேற்றர் எல்லாவற்றின் இரைச்சலையும் இழுக்கும். இரண்டு வொலியூமையும் ஒரே அளவில் திறந்தால் இரண்டின் இரைச்சலும் ஒன்றையொன்று அழித்துவிடும். 1957க்குப் பிந்திய பிரிசிஷன் வகைப் பிளவு பிக்கப்பில் இந்தத் தொல்லை தொடக்கத்திலிருந்தே இல்லை. கோயில் மேடையில் அதற்கு இருக்கும் பெரிய மதிப்பு இதுதான்.

எத்தனையைப் பராமரிக்க முடியும்?

இங்கே கிற்றாருக்கு எதிரிகள் உப்பும் ஈரமாற்றமும். குருநகர், பாசையூர், காரைநகர், வல்வெட்டித்துறை போன்ற கரையோர ஊர்களில் சோளகம் அடிக்கும் மாதங்களில் ஸ்ரிங் தானாகவே கறுக்கும், பிரிட்ஜின் சிறிய அலன் திருகுகள் துருப்பிடித்து இறுகும். மாரி தொடங்கியதும் மரம் ஈரத்தை உறிஞ்சி, பல கிற்றார்களில் கழுத்தின் வளைவு மாறும். பெட்டிக்குள் மூடிவைத்த இரண்டாவது கிற்றாருக்கும் இதெல்லாம் நடக்கும். வாசிக்காததால் உங்களுக்குத் தெரியாது, அவ்வளவுதான். மேடையில் தேவைப்படும்போது எடுத்தால் ஸ்ரிங் உறுமும், சுருதி சரியாக வராது.

ஆகவே ஒவ்வொரு கிற்றாருக்கும் வருடத்தில் இரண்டு தடவை, மாரிக்கு முன்னும் மாரி முடிந்த பின்னும், முழுச் செற்றப் செய்ய வேண்டும். ஒழுங்கு மாறக்கூடாது:

1. வழமையான ஸ்ரிங் போட்டு, வாசிக்கும் சுருதிக்குச் சேர்க்கவும். இளகிய ஸ்ரிங்கில் அளப்பது வீண்.

2. முதல் பிரெற்றில் கப்போ (ஸ்ரிங்குகளை அழுத்திப் பிடிக்கும் கிளிப்) போட்டு, கழுத்து உடலோடு சேரும் இடத்துப் பிரெற்றில் ஈ ஸ்ரிங்கை அழுத்தவும். ஏழாம், எட்டாம் பிரெற் அருகே ஸ்ரிங்குக்கும் பிரெற்றுக்கும் இடைவெளி ஏறத்தாழ 0.3 மில்லிமீற்றர் இருக்க வேண்டும். அளவுத் தகடு இல்லாவிட்டால் சாதாரண 80 கிராம் போட்டோகொப்பித் தாள் மூன்றை அடுக்கிச் செருகிப் பாருங்கள், கிட்டத்தட்ட அதே தடிப்பு.

3. இடைவெளி கூட என்றால் ட்ரஸ் ரொட்டை வலஞ்சுழியாகவும், குறைவென்றால் இடஞ்சுழியாகவும் திருப்பவும். ஒரு தடவைக்குக் கால் சுற்றுக்கு மேல் வேண்டாம். திரும்பச் சுருதி சேர்த்துவிட்டு அளக்கவும், மறுநாளும் ஒருமுறை பார்க்கவும். சாவி அங்குல அளவா மில்லிமீற்றரா என்று நிச்சயம் பண்ணிக்கொள்ளுங்கள். சற்றுச் சிறிய சாவியால் திருப்பினால் உள்ளே மூலை தேய்ந்துவிடும், அந்தப் பழுதுக்குச் செலவு பெரிது.

4. பதினேழாம் பிரெற்றில் ஈ ஸ்ரிங் 2.4, ஜி ஸ்ரிங் 2 மில்லிமீற்றர் உயரத்தில் நிற்கும்படி பிரிட்ஜைச் சரிசெய்யவும். அழுத்தி வாசிப்பவர்கள் அரை மில்லிமீற்றர் கூட்டலாம்.

5. பன்னிரண்டாம் பிரெற்றின் ஹார்மோனிக்கையும் அதே பிரெற்றை அழுத்திய ஸ்வரத்தையும் ரியூனரில் ஒப்பிடவும். அழுத்திய ஸ்வரம் ஏறியிருந்தால் சேடிலை (பிரிட்ஜில் ஸ்ரிங் உட்காரும் துண்டு) பின்னுக்கும், இறங்கியிருந்தால் முன்னுக்கும் நகர்த்தவும்.

முதலில் பழக ஒரு கிற்றாருக்கு இரண்டு மணித்தியாலம் போகும், பழகினால் முக்கால் மணித்தியாலம். இதோடு ஒவ்வொரு நிகழ்ச்சி முடிந்ததும் பழைய பருத்தி வேட்டித் துண்டால் ஸ்ரிங்கின் மேலும் கீழும் துடைப்பது, பிரிட்ஜ் திருகுகளில் மாதம் ஒருமுறை ஒரு துளி மெஷின் எண்ணெய் தொடுவது, பையில் சிலிக்கா ஜெல் போடுவது. அக்டிவ் கிற்றாரில் கேபிளைச் செருகியபடி விட்டுவைத்தால் பற்றரி இறங்கிக்கொண்டே இருக்கும், ஜாக்தான் அதன் சுவிட்ச். நல்ல பற்றரி ஒன்று 9 வோல்ற்றுக்குச் சற்று மேல் காட்டும். 8க்குக் கீழே வந்தால் மாற்றுங்கள். பலத்து அடிக்கும் ஸ்வரங்கள் உடைந்து கேட்பது அது சாகப்போவதன் அறிகுறி.

இந்த வேலையை மனச் சலிப்பில்லாமல் எத்தனை கிற்றாருக்குச் செய்வீர்களோ அதுதான் உங்கள் மேல் எல்லை.

இரண்டையும் மேடையில் பாவிக்கும் முறை

சவுண்ட் பார்க்கும்போதே இரண்டையும் வாசியுங்கள். அக்டிவிலிருந்து பாசிவுக்கு மாறும்போது அளவு சட்டென்று விழும், மிக்சரில் நிற்பவர் அதை எதிர்பார்த்திருக்கமாட்டார். ஒரே வரியை இரண்டிலும் ஒரே பலத்தில் வாசித்து, மிக்சர் மீற்றர் ஒரே இடத்துக்கு வரும்வரை சத்தமான கிற்றாரின் பிக்கப்பைச் சிறிது இறக்குங்கள். பாசிவ் கிற்றாரின் வொலியூமைக் குறைத்துச் சமப்படுத்த வேண்டாம். நீளக் கேபிளில் மேல் அலைவரிசையும் சேர்ந்து குறைந்துவிடும்.

காலால் மிதிக்கும் ரியூனர் பெடல் ஒன்று இருந்தால் அதை மிதித்து ஒலியை அடைத்துவிட்டுக் கேபிளை மாற்றலாம், "டப்" என்ற சத்தம் வராது. டிஐ பொக்ஸ் அக்டிவ் வகை என்றால் பெரும்பாலும் மிக்சரிலிருந்து 48 வோல்ற் வேண்டும். சிறிய மண்டபங்களின் பழைய மிக்சர் சிலவற்றில் அது இராது, அங்கே பாசிவ் டிஐதான் கைகொடுக்கும். மாற்றுக் கிற்றாரைப் பைக்குள் விடாமல் ஸ்ராண்டில், காற்றாடிக்கும் புகை மெஷினுக்கும் எதிரே வராமல், அம்பிளிபயருக்குப் பின்னால் நிறுத்துங்கள். ஒவ்வொரு இடைவேளையிலும் சுருதி பாருங்கள். ஏசி மண்டபத்தில் சேர்த்த சுருதி வெளியே வந்ததும் மாறும்.

இரண்டும் கைவிட்டால்? கீபோட்காரரோடு முன்கூட்டியே கதைத்து, ஒரு பேஸ் ஒலியை இடது கைப் பகுதிக்குச் சேமித்து வைக்கச் சொல்லுங்கள். அந்தப் பாட்டை முடித்துவிடலாம், மூன்றாவது கிற்றார் சுமக்க வேண்டிய தேவையும் இராது. ஒருவர் பைக்கில் ஒன்றுதான் கொண்டுபோக முடியும் என்பதையும் மறக்க வேண்டாம். இரண்டு என்றால் குழுவின் வானில் ஏற்ற வேண்டும் அல்லது ஓட்டோக் காசைக் கணக்கில் சேர்க்க வேண்டும். நிகழ்ச்சி ஏற்பாட்டாளரிடம் தொகை பேசும்போதே அதைச் சேர்த்துக் கேளுங்கள்.

விற்பது

ஒரு வருடத்தில் மேடைக்கும் ஸ்ருடியோவுக்கும் போகாத, மாற்றாகவும் நிற்காத கிற்றாரை விற்றுவிடுங்கள். திருவிழாக் காலம் தொடங்குவதற்கு ஒரு மாதம் முன்னர் கேட்பவர்கள் அதிகம். விற்கமுன் செற்றப் செய்து, புது ஸ்ரிங் போட்டு, ட்ரஸ் ரொட் சாவியையும் சேர்த்துக் கொடுங்கள். வாங்குபவர் பெரும்பாலும் முதல் கிற்றார் தேடும் பெடியனாகத்தான் இருப்பான். ஸ்ரிங் உயரத்தில் நிற்கும் கிற்றார் கிடைத்தால் விரல் நொந்து இரண்டு மாதத்தில் விட்டுவிடுவான்.